மாமா விரல்ல மாட்டின கிளிப்

நீளமான த்ரெட். வீட்ல குறட்டை விடறவங்க யாராவது இருந்தா அவங்களையும் பக்கத்துல உட்கார வெச்சுக்கிட்டுப் படிங்க. இதுல தப்பு பண்ணது நான்தான். அதையும் மறைக்காம சொல்லிடறேன்.

என் தாய்மாமா ஆம்னி பஸ் டிரைவர். வயசு 52. திருநெல்வேலி - சென்னை ராத்திரி வண்டி. 22 வருஷமா இதே ரோடு. ஒரு நாள் ராத்திரி போறது, மறுநாள் ராத்திரி திரும்பறது. "எந்த இடத்துல பள்ளம் இருக்குன்னு என் காலுக்குத் தெரியும் மாப்ள"ன்னு சொல்ற ஆள்.

போன வருஷம் ஒரு காதுகுத்து விசேஷத்துக்குப் போயிருந்தேன். மதியம் சாப்பிட்டுட்டு மண்டபத்துல ஜமுக்காளம் விரிச்சுப் படுத்தவர் அஞ்சாவது நிமிஷம் குறட்டை. சின்னப் பசங்க சுத்தி நின்னு சிரிக்கறாங்க. "டீசல் இன்ஜின் ஸ்டார்ட் ஆயிருச்சு"ன்னு யாரோ சொல்ல, எல்லாருக்கும் சிரிப்பு. அத்தை மட்டும் சிரிக்கலை.

என்னைத் தனியா கூப்பிட்டுச் சொன்னாங்க. "ஏம்ப்பா, நீ டாக்டர்தானே, ஒண்ணு கேக்கறேன். கொர்ருன்னு இழுத்துக்கிட்டே இருப்பாரு. திடீர்னு சத்தம் நின்னுரும். நெஞ்சு மட்டும் ஏறி இறங்கும், மூச்சு வராது. நான் எண்ணுவேன். ஒரு நாள் 35 வரைக்கும் எண்ணினேன். அப்புறம் ஹக்குன்னு ஒரு சத்தம் வந்து திரும்ப ஆரம்பிக்கும். இதுக்கு பேர் என்ன?"

பேர் இருக்கு. அப்ஸ்ட்ரக்டிவ் ஸ்லீப் ஆப்னியா. தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து, நாக்கு பின்னாடி சரிஞ்சு, மூச்சுப்பாதை மூடிக்கும். நெஞ்சும் வயிறும் காத்தை இழுக்கப் பாடுபடும், ஆனா காத்து உள்ள போகாது. ரத்தத்துல ஆக்சிஜன் இறங்கும். மூளை பயந்து போய் ஒரு சில வினாடி விழிக்கும். தொண்டை திறக்கும். அந்த 'ஹக்' அதுதான். திரும்பத் தூக்கம், திரும்ப அடைப்பு. காலையில எழுந்தா இதுல ஒண்ணுகூட ஞாபகம் இருக்காது. "8 மணி நேரம் தூங்கினேன், ஆனா அசதி போகலை"ன்னு மட்டும் தெரியும்.

நம்ம ஊர்ல குறட்டைன்னா நிம்மதியான தூக்கம்னு அர்த்தம். "கும்பகர்ணன் மாதிரி தூங்கறான்"னு பெருமையாச் சொல்லுவோம். சத்தமா குறட்டை விட்டு, நடுவுல நின்னு, திணறி எழுந்திருக்கற ஆள் தூங்கவே இல்லைன்னு யாரும் நினைக்கறதில்லை.

மாமாவை கிளினிக்குக்கு வரச் சொன்னேன். ரெண்டு கேள்வித்தாள் கொடுத்தேன். ஒண்ணு ஸ்டாப்-பேங். டொரன்டோவுல இருக்கற மயக்கவியல் டாக்டர் ஃபிரான்சஸ் சங்கும் அவங்க குழுவும் 2008ல வெளியிட்டது. ஆபரேஷனுக்கு முன்னாடி யாருக்கு இந்தப் பிரச்சினை இருக்கும்னு கண்டுபிடிக்கறதுக்காக உருவானது. எட்டே கேள்வி. குறட்டை, பகல் அசதி, மூச்சு நிக்கறதை வேற யாராவது பார்த்தது, பிபி, உடல் எடை, 50க்கு மேல வயசு, கழுத்துச் சுற்றளவு, ஆணா இல்லையா. 5 வந்தாலே ரிஸ்க் அதிகம். மாமாவுக்கு 7. கழுத்து 43 சென்டிமீட்டர், பிபி மாத்திரை 6 வருஷமா. எடை ஒண்ணுலதான் தப்பிச்சார்.

இன்னொண்ணு எப்வொர்த் ஸ்கேல். மெல்பர்ன்ல மர்ரே ஜான்ஸ்னு ஒரு டாக்டர் 1991ல கொண்டு வந்தது. டிவி பார்க்கும்போது, சாப்பிட்டு உட்கார்ந்திருக்கும்போது, சிக்னல்ல வண்டி நிக்கும்போது தூங்கி விழ எவ்வளவு வாய்ப்புன்னு 0 முதல் 3 வரைக்கும் நீங்களே மார்க் போடணும். மொத்தம் 24. 10க்கு மேல போனா கவலைப்படணும். மாமா போட்டது 4. "எனக்கெல்லாம் தூக்கமே வராது மாப்ள." சரி, ஒரு டிரைவர் அந்தத் தாள்ல வேற என்ன எழுதுவார்?

மதுரையில ஸ்லீப் லேப்ல ஒரு ராத்திரி படுக்கணும்னு சொன்னேன். தலை முழுக்க வயர் ஒட்டுவாங்க, மூளை அலை, கண் அசைவு, தாடைத் தசை, இதயத் துடிப்பு, கால் அசைவுன்னு எல்லாம் பதிவாகும், ராத்திரி முழுக்க ஒரு டெக்னீஷியன் கேமராவுல பார்த்துக்கிட்டே இருப்பார். பாலிசோம்னோகிராம்னு பேர். இதுதான் முழுமையான டெஸ்ட்.

"கேமராவுக்கு முன்னாடி படுக்கணுமா? போ மாப்ள." அதோட, ஒரு ட்ரிப் போனா அந்தச் சம்பளமும் பேட்டாவும் போகும். இன்னொண்ணை வாசல் வரைக்கும் போய்ட்டு திரும்பி வந்து மெதுவாச் சொன்னார். "ஆஸ்பத்திரியில அட்மிட் ஆனேன்னு ஓனர் காதுக்குப் போச்சுன்னா?"

அதனால வீட்டு டெஸ்ட். சோப்பு டப்பா அளவுல ஒரு கருவி. நெஞ்சைச் சுத்தி ஒரு பெல்ட், அது மூச்சு இழுக்கற முயற்சியை அளக்கும். மூக்குல சின்ன பிளாஸ்டிக் குழாய், அது காத்து உள்ளே போய் வர்றதை அளக்கும். விரல்ல கிளிப், அது ஆக்சிஜனையும் நாடித்துடிப்பையும் அளக்கும். கொரோனா காலத்துல வீட்டுக்கு வீடு வாங்கி வெச்சோமே, அதே பல்ஸ் ஆக்சிமீட்டர்தான். இங்க ராத்திரி முழுக்கப் பதிவு பண்ணும். மல்லாந்தா, ஒருக்களிச்சான்னும் கருவி குறிச்சுக்கும். காலையில கழட்டிக் கொண்டு வந்தா கம்ப்யூட்டர்ல இறக்கிப் பார்க்கலாம். நாங்க வாங்கற கட்டணம் 3500 ரூபாய், லேப் செலவுல மூணுல ஒரு பங்குகூட வராது.

ஒண்ணை இங்கேயே சொல்லிடறேன், பின்னாடி தேவைப்படும். இந்தக் கருவியில மூளை அலை கிடையாது. நீங்க தூங்கறீங்களா, கண்ணை மூடிப் படுத்து வட்டிக் கணக்கு போடறீங்களான்னு அதுக்குத் தெரியாது.

மாமாவுக்கு லீவு இருந்த ஒரு சனிக்கிழமை கொடுத்து அனுப்பினேன். "ராத்திரி 10 மணிக்கு மாட்டிக்கிட்டுப் படுங்க மாமா. காலையில 6 மணிக்குக் கழட்டுங்க." எல்லா நோயாளிக்கும் சொல்றதையே சொன்னேன்.

திங்கட்கிழமை ஓ.பி.யில 60 பேர். நடுவுல கருவியை மாட்டினேன். சாஃப்ட்வேரே கணக்கு போட்டு முதல் பக்கத்துல ரிசல்ட் கொடுக்கும். பதிவு 8 மணி 10 நிமிஷம். மூச்சு நின்னது, குறைஞ்சது எல்லாம் சேர்த்து 58 தடவை. மணிக்கு 7.

5க்குக் கீழே நார்மல். 5 முதல் 15 லேசான பாதிப்பு. 15 முதல் 30 நடுத்தரம். 30க்கு மேல தீவிரம். ஆக மாமா லேசான பாதிப்பு. ஃபோன் பண்ணேன். "மைல்டுதான் மாமா. எடையைக் கொஞ்சம் குறைங்க, ஒருக்களிச்சுப் படுங்க, ராத்திரி தண்ணி போடாதீங்க." அவருக்கு ரொம்ப சந்தோஷம். அத்தை ஃபோனை வாங்கி, "அவ்வளவுதானா?"ன்னு கேட்டாங்க. அவ்வளவுதான் அத்தைன்னு சொன்னேன்.

அந்த "அவ்வளவுதானா"வை நான் கேட்டிருக்கணும். 35 வரைக்கும் எண்ணின பொம்பளை அவங்க.

அஞ்சு வாரம் கழிச்சு காலையில 7 மணிக்கு அத்தை ஃபோன். சாத்தூருக்கு முன்னால, விடிகாலை அஞ்சேகாலுக்கு, வண்டி சென்டர் மீடியன் கம்பியில உரசிக்கிட்டே ஒரு 50 மீட்டர் போயிருக்கு. கிளீனர் பையன் கத்தி, தோளைப் பிடிச்சு உலுக்கியிருக்கான். வண்டியில 31 பேர். யாருக்கும் ஒண்ணும் ஆகலை. பாதிப் பேர் எழுந்திருக்கவே இல்லையாம். கண்ணாடியும் பெயின்டும்தான் போச்சு. நாய் குறுக்கே வந்துச்சுன்னு ஓனர்கிட்ட சொல்லிட்டார். அத்தைகிட்டயும் நாய்தான். நாய் எதுவும் வரலைன்னு கிளீனர் பையன்தான் அத்தைகிட்ட சொல்லியிருக்கான்.

அன்னிக்கு ராத்திரி கிளினிக்கை மூடிட்டு, அந்த ஃபைலைத் திறந்தேன். முதல் பக்கத்தை இல்லை. உள்ளே இருக்கற கோடுகளை.

10 மணியிலிருந்து நாடித்துடிப்பு 80க்குக் கிட்ட ஏறி இறங்கிக்கிட்டே இருக்கு. ரெண்டு நிமிஷம் மல்லாக்க, அஞ்சு நிமிஷம் ஒருக்களிச்சு, திரும்ப மல்லாக்க. நடுவுல ரெண்டு தடவை எழுந்து உட்கார்ந்திருக்கார். தூங்கற மனுஷன் இப்படிப் புரள மாட்டான். 2 மணி 40 நிமிஷத்துக்குத்தான் துடிப்பு இறங்கி, மூச்சு சீராகி, அடுத்த மூணாவது நிமிஷம் முதல் அடைப்பு. அங்கேயிருந்து வரிசையா. மூச்சுக் கோடு தட்டையாகுது, பெல்ட் கோடு மட்டும் ஆடுது, ஆக்சிஜன் சரியுது, துடிப்பு எகிறுது, திரும்ப மேல. ரம்பத்தோட பல் மாதிரி. 4:50க்கு விரல் கிளிப் கழன்டு போச்சு. அதுக்கப்புறம் ஆக்சிஜன் கோடே இல்லை. மூச்சு குறையற ஹைபாப்னியாவை வீட்டு டெஸ்ட்ல ஆக்சிஜன் இறங்கினாத்தான் கணக்குல எடுக்க முடியும். கிளிப் இல்லைன்னா கணக்கு இல்லை. அந்தக் கடைசி 80 நிமிஷத்தை நாமதான் கையால கழிக்கணும். நான் கழிக்கலை.

இப்ப கணக்கு போடுங்க. அந்த 58 தடவையும் 2:40க்கும் 4:50க்கும் நடுவுல. அதாவது 130 நிமிஷம். மணிக்கு 27. நான் 8 மணி நேரத்தால வகுத்து 7ன்னு சொல்லியிருக்கேன்.

லேப்ல வகுக்கறது தூங்கின நேரத்தால. வீட்டு டெஸ்ட்ல வகுக்கறது பதிவான நேரத்தால. சாதாரண ஆளுக்கு இந்த வித்தியாசம் கொஞ்சமா இருக்கும். மாமா சாதாரண ஆள் இல்லை. 22 வருஷமா ராத்திரி 10 மணிக்கு ஸ்டீயரிங் பிடிக்கற மனுஷனைப் பார்த்து, 10 மணிக்குப் படுங்கன்னு சொன்னது நான். அவர் உடம்புக்கு அது வேலை ஆரம்பிக்கற நேரம். பாவம், எனக்காக நாலரை மணி நேரம் கண்ணை மூடிப் படுத்திருந்திருக்கார்.

இதை விட வெட்கம் என்னன்னா, இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியோட 2017 வழிகாட்டுதல்ல தெளிவா இருக்கு. வீட்டு டெஸ்ட் செல்லணும்னா குறைஞ்சது 4 மணி நேரம் நல்ல ஆக்சிஜன் பதிவும் மூச்சுப் பதிவும் வேணும், அதுவும் அந்த ஆள் வழக்கமாத் தூங்கற நேரத்துல எடுத்ததா இருக்கணும். முதல் பாதியை நான் பார்த்தேன். 10 முதல் 4:50 வரைக்கும் கிளிப் இருந்துச்சு, டிக் அடிச்சாச்சு. ரெண்டாவது பாதியைப் பத்தி யோசிக்கவே இல்லை. ரிஸ்க் அதிகமா இருக்கற ஆளுக்கு வீட்டு டெஸ்ட்ல ஒண்ணும் இல்லைன்னு வந்தா, அதை நம்பி விட்டுடாம லேப்புக்கு அனுப்பணும்னும் அதே வழிகாட்டுதல் சொல்லுது. ஸ்டாப்-பேங் 7 இருக்கற டிரைவர் "மைல்டு"ன்னு வந்தாலே சிகிச்சையைப் பத்திப் பேசியிருக்கணும். நான் எடையைக் குறைங்கன்னு சொல்லி ஃபோனை வெச்சேன்.

மறுநாள் அவர் வீட்டுக்கே போனேன். கோவத்துல இருப்பார்னு நினைச்சேன். திண்ணையில உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கிட்டிருந்தார். "நான் தூங்கலை மாப்ள. கண்ணு திறந்துதான் இருந்துச்சு." அது உண்மையாக்கூட இருக்கலாம். மைக்ரோஸ்லீப்னு சொல்லுவோம். கண் திறந்திருக்கும், மூளை சில வினாடி அணைஞ்சிருக்கும். 80 கிலோமீட்டர் வேகத்துல 3 வினாடிங்கறது கிட்டத்தட்ட 67 மீட்டர்.

எப்வொர்த் தாளைத் திரும்ப எடுத்தேன். இந்தத் தடவை அத்தையும் பக்கத்துல உட்கார்ந்தாங்க. "டிவி பார்க்கும்போதா? 3 போடு. கோயில்ல உட்கார்ந்தா? அதுவும் 3." மொத்தம் 17.

டெஸ்ட்டைத் திரும்பப் பண்ணோம். இந்தத் தடவை காலையில 8 மணிக்கு. அவர் வண்டியை விட்டு இறங்கி மூணு நாள்தான் ஆகியிருந்துச்சு, உடம்பு இன்னும் பகல் தூக்கத்துலதான் இருந்தது. நானே பெல்ட்டைக் கட்டினேன், பனியனுக்கு மேல, மார்புக்காம்பு மட்டத்துல. மூக்குக் குழாயைக் காதுக்குப் பின்னாடி சுத்தி ரெண்டு கன்னத்துலயும் மைக்ரோபோர் ஒட்டினேன். விரல் கிளிப் வயரை மணிக்கட்டுல ஒரு சுத்து சுத்தி அதுலயும் பிளாஸ்திரி. போன தடவை இந்தப் பிளாஸ்திரியைத்தான் போடலை. 2 ரூபாய் சமாச்சாரம். அத்தை ஜன்னலுக்கெல்லாம் போர்வை மாட்டி, பக்கத்து வீட்டு மிக்ஸியைக்கூட நிறுத்தச் சொல்லிட்டாங்க.

2:45க்கு எழுந்தார். பதிவு 6 மணி 40 நிமிஷம். கிளிப் கடைசி வரைக்கும் இருந்துச்சு. இந்தத் தடவை ஒவ்வொரு கோடா நானே உட்கார்ந்து எண்ணினேன். 263 தடவை. மணிக்கு 39. அதிக நேரம் நின்னது 48 வினாடி. ஆக்சிஜன் 71 வரைக்கும் இறங்கியிருந்தது. கொரோனா வார்டுல 71ஐப் பார்த்தா நாங்க ஓடியிருப்போம். இவர் தினமும் அதோட தூங்கி எழுந்து பஸ் ஓட்டியிருக்கார்.

இதய பலவீனம், பக்கவாதம், நாள்பட்ட நுரையீரல் நோய் எதுவும் அவருக்கு இல்லை. அதனால லேப் இல்லாமலே சிகிச்சையை ஆரம்பிக்கலாம். சிபாப் மெஷின். மூக்குல மாஸ்க் மாட்டி, காத்தை அழுத்தத்தோட உள்ளே தள்ளி, தொண்டை மூடாமப் பார்த்துக்கும். சிட்னியில காலின் சலிவன்னு ஒரு டாக்டர் கண்டுபிடிச்சு 1981ல லான்செட்ல வெளியிட்டார். அவங்க முதல்ல பயன்படுத்தினது வேக்யூம் கிளீனர் மோட்டார். இப்ப வர்றது தானாவே அழுத்தத்தைக் கூட்டிக் குறைச்சுக்கும், டிஃபன் பாக்ஸ் அளவுதான்.

45,000 ரூபாய் ஆச்சு. அத்தையோட ஒரு வளையல் அடகுக்குப் போச்சு. நான் தர்றேன்னு சொன்னதுக்கு மாமா ஒத்துக்கலை.

மெஷின் வேலை செய்யுதுன்னு தெரியற வரைக்கும் வண்டி எடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன். மூணு வாரம். சம்பளம் இல்லை. ஓனர்கிட்ட டைஃபாய்டுன்னு சொன்னார். எனக்கு அது பிடிக்கலை, ஆனா உண்மையைச் சொல்லுங்கன்னு சொல்ற தைரியமும் எனக்கு வரலை. டிரைவர்களுக்கு லைசென்ஸ் புதுப்பிக்க ஃபார்ம் 1ஏ-வுல நாங்கதான் கையெழுத்துப் போடறோம். கண் பார்வை, காது எல்லாம் கேட்கும். குறட்டையைப் பத்தி ஒரு வரி கிடையாது. நானும் கேட்காமத்தான் இத்தனை வருஷம் போட்டிருக்கேன்.

முதல் வாரம் மாஸ்க்கைக் கழட்டிக் கழட்டி எறிஞ்சார். ரெண்டாவது வாரம் ஒரு நாள் மதியம் அத்தை ஃபோன். "ஏம்ப்பா, சத்தமே இல்லப்பா. பயந்து போய் மூக்குகிட்ட கை வெச்சுப் பார்த்தேன். முழிச்சுக்கிட்டுத் திட்டறாரு." மூணாவது வாரம் மெஷின்லயே பதிவைப் பார்த்தோம். ஒரு நாளைக்கு சராசரி 5 மணி 40 நிமிஷம் போட்டிருக்கார். மிச்சமிருக்கற அடைப்பு மணிக்கு 3. எப்வொர்த் 6, அதுவும் அத்தை போட்ட 6.

வண்டிக்குத் திரும்பிட்டார். இப்ப பிரச்சினை சென்னையில. டிரைவர்கள் படுக்கற ரூம்ல ஒரே ஒரு பிளக் பாயிண்ட். அதுல எட்டு ஃபோன் சார்ஜ் ஏறுது. மெஷினுக்காக அங்க பெரிய பஞ்சாயத்து நடந்து, கடைசியில மாமாவே ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கிக் கொண்டு போயிருக்கார்.

இன்பாக்ஸ்ல வரப் போற கேள்விகளுக்கு இங்கேயே பதில். ஸ்மார்ட் வாட்ச் போதுமா? 2024ல அமெரிக்க எஃப்.டி.ஏ. சாம்சங், ஆப்பிள் வாட்ச்களோட ஸ்லீப் ஆப்னியா வசதிக்கு அனுமதி கொடுத்திருக்கு. அது "போய் டாக்டரைப் பாரு"ன்னு சொல்ற மணிதான், டெஸ்ட் இல்லை. அது ஒண்ணும் சொல்லலைங்கறதால ஒண்ணும் இல்லைன்னும் அர்த்தமில்லை. யாருக்கு வீட்டு டெஸ்ட் கூடாது? குழந்தைகள், இதயம் பலவீனமானவங்க, பக்கவாதம் வந்தவங்க, தீவிர நுரையீரல் நோய், தசை பலவீனம், வலிக்காக ஓபியாய்டு மருந்து எடுக்கறவங்க. இவங்க எல்லாம் லேப்புக்குத்தான் போகணும். கிளிப் மாட்டற விரல்ல நெயில் பாலிஷ், மருதாணி வேண்டாம். ரிப்போர்ட் கையில வந்தா, "உள்ளே இருக்கற கோடுகளைப் பார்த்தீங்களா டாக்டர்"னு கேளுங்க. கோவப்பட்டா படட்டும்.

போன செவ்வாய்க்கிழமை மாமா கிளினிக்குக்கு வந்தார். தனியா வரலை. கூட ரெண்டு பேர். ஒருத்தர் தூத்துக்குடி - பெங்களூர் ரூட், இன்னொருத்தர் கன்டெய்னர் லாரி. ரெண்டு பேருக்கும் கழுத்து கட்டையா இருந்துச்சு. "இவனுங்களுக்கும் அந்த பெல்ட்டைக் கட்டி விடு மாப்ள"ன்னு சொல்லிட்டு ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துட்டார்.

கருவியை வெளியே எடுத்து, மைக்ரோபோரையும் எடுத்து வெச்சுட்டு, முதல் ஆள்கிட்ட கேட்டேன். "அண்ணே, நீங்க வழக்கமா எத்தனை மணிக்குப் படுப்பீங்க?"